பகலில் தூங்கும் பூதம்

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் படுப்பதை யாராவது தூக்கம் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உடம்பு கட்டிலில் கிடக்கும், காது மட்டும் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வரும். ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கி வைத்திருப்போம். பக்கத்து குவார்ட்டர்ஸ் குக்கர் விசிலும், பண்ருட்டிப் பலாப்பழம் என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போகிற மைக்கும் உள்ளே வந்து கனவாகிவிடும். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கனவிலும் பெல்ட் ஓடும். ஆனால் நிலக்கரி வராது. பலாச்சுளை வரும், ஸ்கூல் பை வரும். ஒரு தடவை என் மாமியார் அதில் உட்கார்ந்து நிதானமாகப் போனார். நான் பெல்ட்டை நிறுத்தவில்லை.

இந்த அரைத் தூக்கத்தில் என்னிடம் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவேனாம். எனக்கே தெரியாத இந்த ரகசியத்தை என் மகள் எட்டு வயதில் கண்டுபிடித்தாள். முழித்திருக்கும்போது கேட்டால் முதலில் "முடியாது" என்பேன், பிறகுதான் என்ன வேண்டும் என்றே கேட்பேன். அப்படி ஒரு சிடுமூஞ்சி நான். அதனால் என் நைட் வாரங்களில் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் காதருகே குனிவாள்.

ஒரு நாள் கால் கட்டைவிரலை ஏதோ நக்குகிறதே என்று விழித்தேன். செவலை நாய்க்குட்டி.

"யாரைக் கேட்டு இதக் கொண்டாந்தீங்க?" என்று கத்தினேன்.

"உங்களக் கேட்டுதாங்க. சரின்னு சொன்னீங்களே, நானே பாத்துக்கினுதான இருந்தேன்" என்றாள் என் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தக் குட்டி என் தூக்கத்தில் பாதியைக் குரைத்தே தின்றது. என் மகளின் புதுச் செருப்பையும் தின்றது. அடுத்து, டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று கேட்டிருக்கிறாள். சரி என்றிருக்கிறேன். டியூஷன் நின்றது. ஆனால் எதிர் வீட்டுச் சிநேகிதி முதற்கொண்டு தெருப் பிள்ளைகள் எல்லாரும் போனது அங்கேதான். சாயங்காலம் முழுக்க இவள் நாய்க்குட்டியோடு கேட்டில் தொங்கிக்கொண்டு நின்றாள். வாய்விட்டு அழவும் முடியாது, தானே கேட்டு வாங்கியதாயிற்றே.

அந்த வருஷம் ஸ்கூலில் பிள்ளைகளை மைன்ஸ் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அத்தனை பெரிய பள்ளத்தின் அடியில் எறும்பு மாதிரி நகர்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம்கூட ஒன்றும் பேசவில்லையாம். நேராக என் காதுக்கு வந்தாள். அப்போது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யூனிஃபார்மோடு அதில் உட்கார்ந்து, தூரமாய்ப் போய்க்கொண்டே, "ராத்திரில அங்க போவாதப்பா" என்றாள். சரி என்றேன்.

சாயங்காலம் நான் டீ குடிக்கும்போது எதிரே வந்து நின்றாள்.

"ஏன்ப்பா டூட்டிக்குச் சட்ட எடுத்து வெச்சிக்கினு இருக்க? போவமாட்டேன்னு சரி சொன்னல்ல?"

"தூக்கத்துல ஒளர்றதெல்லாம் ஒரு பேச்சாடி?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்திருந்தாலாவது அழுதிருப்பாள், எனக்கும் ஆறியிருக்கும். அந்தப் பார்வையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்குச் செகண்ட் ஷிப்ட் என்றாலே ஆகாது. அவரைப் பிடித்தேன். என் நைட் வாரத்தை அவர் எடுத்துக்கொள்வது, அவருடைய செகண்ட் ஷிப்டை நான் பார்ப்பது என்று பேசி, எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். வரம் கொடுத்த சாமி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

செகண்ட் ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்துக்கு முடியும். என் முறையும் அவர் முறையுமாக மூன்று வாரத்தில் இரண்டு வாரம் எனக்கு அதுவே என்றாகிவிட்டது. அந்த வாரங்களில் அவள் ஸ்கூலிலிருந்து வரும்போது நான் மைன்ஸில் இருப்பேன். நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். காலையில் நான் கண் திறப்பதற்குள் ஸ்கூல் வேன் போயிருக்கும். எனக்கு அது உறைக்கவே இல்லை. ராத்திரியில் வீட்டில் இருக்கிறேன், அவள் கேட்டதும் அதுதானே என்றிருந்தேன்.

ஒரு நாள் எனக்கு வார லீவு. பழக்கதோஷத்தில் பகலிலேயே படுத்துவிட்டேன். வெளி அறையில் அவள் எதிர் வீட்டுச் சிநேகிதிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது, வழக்கம்போல் கனவுக்கும் நிஜத்துக்கும் நடுவில் கேட்டது.

"ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சாம். ராத்திரியெல்லாம் பூமிக்கு அடியில போயி மண்ணு தோண்டுமாம், பகல்ல தூங்குமாம். தூங்கிக்கினு இருக்கறப்ப காதுல கேட்டா, எது வேணா குடுக்குமாம்."

"எது வேணாவா?"

"எது வேணா. ஆனா ஒண்ணு குடுத்தா ஒண்ணு எடுத்துக்கும். ஒரு பொண்ணு, பூதம் அடியிலயே மாட்டிக்கும்னு பயந்துக்கினு, ராத்திரில போவாதன்னு கேட்டுச்சு. பூதமும் சரின்னுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு பூதத்தப் பாக்கவே இல்ல."

"எங்க போச்சு?"

"எங்கயும் போவல. வூட்லதான் இருக்குதாம். அவங்கம்மா சொன்னாங்க."

பயமாயிருக்கிறது என்று என் மகள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எழுந்து வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினாள். நான் என் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு பூதம் முழிச்சிக்கினு இருக்கறப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"திட்டும்" என்றாள்.



"இப்பக் கேளு. திட்டாது."

அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"ராத்திரில அங்க உனக்குப் பயமா இருக்குமாப்பா?"

எத்தனை வருஷ சர்வீஸ், இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. போய்ப் படி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சில நாள் இருக்கும்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நைட்டுக்கே போப்பா. நான் ஸ்கூல் வுட்டு வந்து, நீ வந்துட்டியான்னு பாத்துக்கறேன்."