மண்டோர் மாமாவின் புரட்டாசி

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயில் வெள்ளைக்காரன் காலத்துப் பலகைக் கோயில். உத்திரத்தில் கறையான், மழை பெய்தால் பீடத்தின் மேலேயே ஒழுகும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றவர்களும் உண்டு. கடைசியில் பழசையே பழுதுபார்ப்பதென்று முடிவாகி, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஏலம் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் சேவலைக் கொடுத்துவிட்டார்.

குஞ்சிலிருந்து நான் வளர்த்த சேவல். பள்ளி விட்டு வந்தால் லயத்து வீட்டு வாசலுக்கே ஓடி வரும். அழுது பார்த்தேன். “சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாது” என்றார் அம்மா. சாமி கோழி தின்னாது, ஆட்கள்தான் தின்பார்கள் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அதுவும் தவக்காலம் முழுக்கக் கறியைக் கண்ணால் பார்க்காத ஆட்கள்.

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, பொருளையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டால் மறுபடி ஏலம் விடுவார்கள். சேவலை ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். மளிகைக்கடைச் சீனர் எடுத்தார், அவரும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு மண்டோர் மாமா எடுத்தார். அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாமா பக்கத்து லயம். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், மாரியம்மன் கோயில் தலைவரும் கூட. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கோழிக்குழம்பு எங்கள் மாதா கோயில் பூசை வரைக்கும் மணக்கும். போச்சு என்று நினைத்தேன். கால் கட்டிய சேவலோடு அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

“பாப்பா, மாமாவுக்குப் புரட்டாசி லா. கவிச்சி ஆகாது. முடியற வரைக்கும் நீயே வெச்சிரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. நம்முடைய தவக்காலம் முடிந்ததும் அவர்களுடையது தொடங்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். சேவலை அணைத்துக்கொண்டபோது அப்பாடா என்றிருந்தது.

கோயிலுக்குக் கூரை ஏறியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் மிச்சமிருந்தது. மாமாவை எங்கே பார்த்தாலும், “முடிஞ்சிருச்சா மாமா?” என்பேன்.

“எங்க பாப்பா, இந்த வருசம் நீளமா போவுது” என்பார். ஞாயிற்றுக்கிழமை குழம்பு மணந்தால், அது வீட்டில் மற்றவர்களுக்கு என்று எண்ணிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. சேவல் கிழடு தட்டி, தன் பாட்டில் செத்தது.

பெரியவளாகி ரவாங் டவுனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம் நான் நீட்டிய கோழித்துண்டைத் தோழி வேண்டாமென்றாள். புரட்டாசியாம், இந்த ஒரு மாதம் மட்டும் சைவமாம்.

“ஒரு மாசந்தானா?” என்று கேட்டேன்.