கம்பத்தில் ஆள் இருந்தபோது

எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மின்கம்பத்துக்கும் வேலை வந்துவிடும். கொக்கியைக் கழியால் தூக்கி லைனில் மாட்டுவார்கள். பந்தல் முழுக்கச் சீரியல் விளக்கு எரியும். இதைத் திருட்டு என்று ஒருவரும் சொல்வதில்லை.

நான் ஏரல் பக்கம் வாழையிலை கட்டி விற்பவன். அன்று எதிர்வீட்டுக் கல்யாணப் பந்திக்காக என் வீட்டுக்குள் இலை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொக்கி மாட்டிய இடத்தில் பொறி பறந்து கம்பி அறுந்தது. தெருவுக்கே கரண்ட் இல்லை.

வயர்மேன் வந்தார். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டு, என் வாசலுக்கு நேரே இருந்த கம்பத்தில் ஏணி சாத்தினார்.

"எவம்வே கொக்கி போட்டது?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் பாயசத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அவர் ஏறிய கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் உறுமியது. பாட்டு கிளம்பியது. என் தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

சுவிட்ச் இறங்கிக் கிடக்கிறது. என் வீட்டுக்கு எப்படிக் கரண்ட் வரும்? மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் கொடுத்திருக்கிறார்கள். அது கம்பத்துக்கும் வருகிறது.

வெளியே ஓடினேன். அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"கம்பியத் தொட்டுராதிய! கரண்டு வருது!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்று கத்தியும் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பந்தலுக்குள் புகுந்து ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

பெண்ணின் அப்பா பாய்ந்து வந்தார். "ஏம்வே, கல்யாண வீட்டுல பாட்ட நிறுத்துதீரு?"

"மேல ஆளு நிக்காரு அண்ணாச்சி."

"அவரு பைய வேலயப் பாக்கட்டும். நாங்க இருட்டுலயா பந்தி வைக்க?"

உச்சிவெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வயர்மேன் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்துபோய் ஜெனரேட்டர் சாவியை உருவி என்னிடம் தந்தார். "நான் இறங்குத வரைக்கும் எவன் கேட்டாலும் குடுக்காதிய."

அவர் மறுபடி ஏற, நான் கம்பத்தடியில் நின்றேன். "எலக்காரருக்குப் பவரு வந்துட்டுல்லா!" என்றான் ஒருவன். சிரித்தார்கள். ஒரு மனிதர் சாக இருந்த இடத்தில் நின்று சிரித்தார்கள். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலிருந்து கொக்கி கழன்று என் காலடியில் விழுந்தது.

"ஏலே, அத எடுத்து வையி. சாயந்தரம் வேணும்" என்றார் பெண்ணின் அப்பா.

எடுக்க வந்தவன் குனிவதற்குள் நான் அதன்மேல் காலை வைத்தேன்.