ரீடரில் வெளிறிய மிதவைகள்

மகன் கப்பல் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், தடித்தடிப் புத்தகங்களைச் சுமக்க வேண்டாம் என்று அவனுக்கு ஒரு கலர் இ-ரீடர் வாங்கிக் கொடுத்தார். மொட்டை மாடியில் உச்சி வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கியது. நிறம்தான் சாயம் போன புடவை மாதிரி இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் பழைய படத்தின் நிழல் சட்டென்று போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரலை அந்தத் தொடுதிரை கண்டுகொள்ளவே செய்யாது. "கலர்னு சொல்லி ஏமாத்திட்டானுவ" என்று நான் புலம்பாத நாள் இல்லை.

அந்தப் படிப்புக்கான மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின வாரம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்கு வழிகாட்ட கடலில் மிதக்கவிடும் மிதவைகளின் படத்தை அவன் ரீடரில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, இது உருப்படாது. சிவப்பு மிதவையும் பச்சை மிதவையும் ஒரே கலராக் காட்டுது."

எட்டிப் பார்த்தேன். வெளிறித்தான் இருந்தன. ஆனாலும் ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

என் அண்ணனுக்குக் கைக்கு வந்த ரயில்வே வேலை, கண் பரிசோதனையில் போனது. சிவப்பையும் பச்சையையும் அண்ணனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தங்கை பெறும் ஆண் பிள்ளைக்கும் இது வரலாம் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். கப்பல் படிப்பிலும் இந்தக் குறை இருந்தால் இடம் கிடையாது.

கையைத் துடைத்துவிட்டு, அதே படத்தை என் செல்போனில் எடுத்துக் காட்டினேன்.

"இதுல சொல்லுலே."

"இது சிவப்பு, இது பச்சை. பாத்தியா? ரீடர்தான் சரியில்ல."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாழும் மனசு சும்மா இருக்குமா? சிவப்பு மிதவை டப்பா மாதிரி இருக்கும், பச்சை கூம்பாக இருக்கும். இதை அவன் படித்தவன்தானே. நிறத்தைப் பார்த்துச் சொன்னானா, உருவத்தைப் பார்த்துச் சொன்னானா? பரிசோதனையில், கலர் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துக் காட்டுகிற அட்டைகளும் இப்படி வெளிறித்தான் இருக்கும் என்று அண்ணன் சொன்னதுண்டு.

ரீடரை வாங்கி, ஒரு மிதவையை இரண்டு விரலால் விரித்தேன். சனியன், மெதுவாகத்தான் விரிந்தது. டப்பாவின் விளிம்பெல்லாம் வெளியே போய், திரை முழுக்க வெறும் சிவப்பு நின்றது.

"இது என்ன கலருலே?"

வெகு நேரம் பார்த்தான்.

"பச்சை."

என் முகத்தைப் பார்த்தவன் அவசரமாக, "இல்ல, சிவப்பு" என்றான்.

ரீடரைக் கவிழ்த்து வைத்தேன். அவன் அதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தான்.

"நீ ஒவ்வொண்ணாச் சொல்லும்மா. நான் மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."