வீஸ்வா ஆத்துல முங்கப் போன கதை

பாட்டில்ல தேங்கா எண்ண மெழுகு மாதிரி உறைஞ்சு போயி, ஸ்பூன விட்டுத் தோண்டணும்... போலந்துன்னா எனக்கு மொதல்ல அந்தக் குளிருதான் மக்கா ஞாபகம்.

கல்யாணம் முடிஞ்ச புதுசு. கிதான்ஸ்க் ஊர்ல கப்பல் யார்டுல வெல்டர் வேலை. குழித்துறைக்காரனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா எண்ண தேச்சு ஆத்துல ஒரு முங்கு. அங்கயும் ஆறு ஓடுது, பேரு வீஸ்வா. பெறவு என்ன?

எண்ண உறையுத குளிருல தண்ணி மட்டும் சூடாவா இருக்கும்? அந்த அறிவு இருந்தா நான் என்ஜினியர்லா!

இடுப்புல தோர்த்துத் துண்டோட கரையில எறங்குனேன். மீன் பிடிச்சிட்டிருந்த ஒரு பெரியவரு தூண்டிலக் கீழ போட்டுட்டு ஓடி வந்து கட்டிப் பிடிச்சிட்டாரு. சாகப் போறான்னு! யாரோ போலீசையும் கூப்பிட, அவங்களும் வந்தாச்சு.

வேலைக்குச் சேந்து மாசம் ஆகல. புத்தி சரியில்லன்னு எழுதிட்டா அடுத்த பிளைட்டுல ஊரு. எனக்குத் தெரிஞ்ச ஒரே போலிஷ் வார்த்த 'நன்றி'. அதையே சொல்லிட்டு நின்னேன்...

நல்லவேள, என்னத் தேடி ரூம்மேட் ஆந்த்ரி வந்தான். உக்ரைன்காரன். "மக்கா, உனக்குப் பைத்தியமா?"ன்னு நான் சொல்லிக் குடுத்த தமிழ்லயே ஏசினான். பெறவு போலீஸ்ட்ட போலிஷ்ல, "இவன் சாக வரல. இவனுக்க ஊர்ல ஆத்துல குளிக்கது பழக்கம். நான் பாத்துக்கிடுதேன்"ன்னு பேசினான். அவங்க சிரிச்சிட்டே போயிட்டாங்க.

பெரியவரு எனக்கு பிளாஸ்க் டீய ஊத்தித் தந்துட்டு, ஆறுகளுக்கெல்லாம் ராணி வீஸ்வாதான்னு ஆந்த்ரிட்ட சொன்னாரு. அவனுக்கு வந்ததே ரோஷம்!

"எங்க ஊரு தினிப்ரோ ஆறு முன்னால இது வாய்க்கால்!"

தினிப்ரோ, தினிஸ்தர், தோன், துனாய்னு அவன் பக்கத்து ஆறுகளா அடுக்கினான். நாலு ஆத்துப் பேருக்குள்ளயும் இருக்கது 'ஆறு'ங்கிற ஒரே பழைய வார்த்தையாம். ராஜா பேரு இல்ல, சாமி பேரு இல்ல. அம்புட்டுத் தண்ணியப் பாத்து வாயடைச்சுப் போனவன் வேற என்ன பேரு வைப்பான்? குளிருல நடுங்கிட்டே அவன் சொல்லச் சொல்லக் கேட்டுட்டிருந்தேன். ஜியாகரபில பார்டர் பாஸ் ஆன எனக்கு, அந்த ஆறுகள் மேல உள்ள கிறுக்கு இன்னும் தெளியல.

இப்ப ஊர்லயே கிரில் ஒர்க்‌ஷாப். மவளுக்க மேப்புல நாலையும் கண்ண மூடிட்டுக் காட்டுவேன். "மிச்சத்தயும் இப்பிடிப் படிச்சிருக்கலாம்லா அப்பா?"ன்னு கேக்கா.

ஆந்த்ரி தினிப்ரோ கரைக்கே திரும்பிட்டான். அங்க இப்ப சண்டை. காலையில "இருக்கேன் மக்கா"ன்னு ஒரு மெசேஜ் வரும். வராத அன்னைக்கு எனக்கு வெல்டிங் நேரா விழாது.

எனக்கு ஒண்ணுன்னதும் பேச அவன் வந்து நின்னான். அவனுக்காக நான் எந்த ஊர் போலீஸ்ட்ட போய்ப் பேச...