பூசணிக்காய்க்கு எழாத திரை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நான் கடைக்குள் நுழைந்தபோது, முதலாளி மானிட்டரின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"நேத்து சாமி இருந்த எடத்தப் பாரும்மா, இருட்டாயிடுச்சு," என்றார்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த பிரவுசிங் சென்டர் அது. வெளிநாட்டுக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள், உள்ளூர்க்காரர்கள் டைப்பிங்குக்கும், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவும் வருவார்கள். நெட்டுக்கு மூன்று புதிய கணினிகள், டைப்பிங்குக்கு ஒரு பழையது. அந்தப் பழையதும், சொல்லித் தருவதும் என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, கஃபேக்களின் மெனு, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் மனுக்கள் எல்லாம் அதில்தான் அடிப்பேன். நான் கணினிப் பொறியியலில் டிப்ளமா முடித்தவள். பாலிடெக்னிக்கில் கணினியை முழுசாகப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடையில் கீபோர்டு என்னுடையது, ஸ்க்ரூ என்னுடையதல்ல. ஸ்க்ரூவுக்கு வேலூரிலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வருவார்.

முதல் நாள் பூஜைக்கு நான்கு திரைகளிலும் சரஸ்வதி படம் வைக்கச் சொன்னார் முதலாளி. வைத்தேன். சந்தனம், குங்குமம், மாலை, அட்சதை எல்லாம் பெட்டிகளின் தலையில் ஏறின. கடையை மூடும்போது கணினிகளை அணைக்கப் போனேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"பூஜ பண்ணத அணைக்கக் கூடாதும்மா. விளக்கையே நாம அணைன்னு சொல்றதில்ல. சாமி அப்படியே இருக்கட்டும்."

இரவெல்லாம் கணினிகள் ஓடின. ஓடின என்றால், ஆள் தொடாததால் சிறிது நேரத்தில் தாமாகவே தூங்கிவிட்டன. காலையில் மவுஸை அசைத்ததும் புதிய மூன்றும் விழித்துக்கொண்டன. என்னுடையது விழிக்கவில்லை.

ஏதாவது நின்றுபோனால் மனதுக்குள் வரிசை போட்டுவிடுவது என் பழக்கம். முதலில் மானிட்டர் விளக்கு: ஆரஞ்சு. அப்படியானால் மானிட்டர் நன்றாக இருக்கிறது, அதற்குப் படம்தான் வரவில்லை. அடுத்து ஃபேன்: சுற்றுகிறது. அடுத்து கீபோர்டில், எண்களுக்கான 'Num Lock' விசையை அழுத்தினேன். அதன் குட்டி விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினேன், எரிந்தது.

"உயிர் இருக்குங்கண்ணா. கண்ணுதான் தெறக்கல."

அவர் அதற்குள் வேலூருக்குப் போன் போட்டிருந்தார். இரண்டு "ஆமாம்பா", ஒரு "அப்படியா". வைத்துவிட்டார்.

"உள்ள இருக்கற மதர்போர்டு போயிருக்குமாம். அவரு வேன் கீழ்பென்னாத்தூர் வந்திருக்கு, மத்தியானம் இப்டிக்காத் திரும்புதாம். பொட்டிய ஏத்தி உட்ரலாம்."

"டைப்பிங்குக்கு?"

"இனிமே டைப்பிங்கே வேணாம்மா. ரோதன. நீ வாசலாண்ட ஒக்காந்து யாரு எப்ப வந்தாங்க, எப்ப போனாங்கன்னு டைம் எழுது. வேல கம்மி. பொம்பளப் புள்ளைக்கு அதான் தோது."

எனக்கு எது தோது என்று அவர் முடிவு செய்தது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டி வேனில் ஏறினால் என் வேலையும் கூடவே ஏறிப் போய்விடும் என்பது அன்றுதான் புரிந்தது.

"நானே சரி பண்றேண்ணா."

"நீயா? ஷாக் கிக் அடிச்சா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? ஒண்ணும் தொடாத. நேத்து ஒடச்சது சின்னக் காயி, திருஷ்டி போவல. பெருசா ஒரு பூசணிக்கா வாங்கியாறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் தொட்டேன்.

மின்சாரத்தை உடனே பிடுங்கவில்லை. திரை தெரியாவிட்டாலும் கணினிக்குக் காது கேட்கும். விண்டோஸ் விசையை அழுத்தி, பிறகு U, மறுபடி U: அணைந்துவிடு என்று அர்த்தம். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது மாதிரி. ஹார்ட் டிஸ்க் சிறிது கரகரத்தது, ஃபேன் நின்றது. தானாக அணைந்தது. போர்டு போன கணினி சொன்ன பேச்சைக் கேட்டு அணையாது.

பெட்டியின் விளிம்பில் சர்வீஸ்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை நகத்தால் கிழித்தேன். என் பையில் ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். உள்ளே அட்சதை அரிசி சிதறிக் கிடந்தது. ஃபேனில் ஒரு சாமந்தி இதழ் சிக்கியிருந்தது. சுத்தம் செய்தேன். நினைவக அட்டையான ரேமைக் கழற்றி, அதன் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். இதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை, ஆனால் வரிசையில் இருப்பதை அடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன்.

போட்டேன். சரஸ்வதி வந்தாள். சும்மா அணைத்துப் போட்டதற்கே வந்திருப்பாள். அதனால் வேண்டுமென்றே தூங்க வைத்தேன். மவுஸை அசைத்தேன். கறுப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூப்பிட்டால் வருகிற கோளாறோடு சண்டை போடலாம்.

அந்தக் காலத்துக் கணினிகளுக்கு இரண்டு விதத் தூக்கம் உண்டு. ஒன்று லேசான தூக்கம். மற்றது ஆழ்ந்தது, நினைவகத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்போது திரைக்குப் படம் அனுப்பும் எங்கள் பழைய டிஸ்ப்ளே கார்டு மட்டும் எழவில்லை. தினமும் மாலையில் அணைத்துவிடுவோம், பகலில் நான் அதை விட்டு நகர்வதில்லை. அதனால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. மறுபடி திரை தெரியாமலே விசைகளால் அணைத்தேன். போடும்போதே டெலீட் விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் நீலத்திரையில் ஆழ்ந்த தூக்கத்தை லேசானதாக மாற்றினேன். தூங்க வைத்தேன், எழுந்தது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் எழுந்தது.

அதே நேரம் வாசலில் தொம்மென்று சத்தம். முதலாளி கற்பூரப் புகையோடு உள்ளே ஓடி வந்தார். அவர் பின்னால், பூசணித் துண்டுகளைத் தாண்டி ஓர் அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். விஜயதசமி நாளில் மகளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர்கள்.

"பாத்தியாம்மா! காயி ஒடஞ்சுது, சாமி வந்துட்டா!"

"செட்டிங்க மாத்தினேண்ணா. அதான் வந்துச்சு."

"நீ இன்னா வேணா மாத்து. கண்ணு ஜாஸ்தி நம்ம கடைக்கு." அப்போதுதான் கிழிந்த ஸ்டிக்கர் அவர் கண்ணில் பட்டது. "இத யாரக் கேட்டுப் பிச்ச?"

"யாரையும் கேக்கல."

"போச்சு. சாமி புண்ணியத்துல இன்னிக்கி வந்திருக்கு, நாளைக்கி? வேன் வரட்டும், ஏத்திடலாம்."

உட்கார்ந்து, கணினியை அணைத்துப் போட்டு, நீலத்திரைக்குப் போய், மாற்றியதை மறுபடி பழையபடி வைத்தேன். சரஸ்வதி வந்ததும் தூங்க வைத்தேன். மவுஸை அசைத்துக் காட்டினேன். கறுப்பு. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"இப்ப ஒடைங்கண்ணா."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி நசுக்கினார். மவுஸை அசைத்தார். விசைகளை எல்லாம் தட்டினார்.

"இன்னாங்க, பூசணிக்கா பத்தலியா?" என்றார் வந்த அம்மா. "பரங்கிக்கா ஓணுமா? நம்ம ஊட்டாண்ட நெறைய காச்சிருக்குது."

மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுப்பும்மா," என்றார் முதலாளி தணிந்த குரலில்.

"எழுப்பறேன். மொதல்ல வேன் வர வேணாம்னு சொல்லுங்க."

"ஆளுங்க எதிர்ல இன்னாம்மா இது?"

"ஆளுங்க எதிர்லதானண்ணா என்ன வாசலாண்ட ஒக்கார வச்சு டைம் எழுதச் சொல்வீங்க?"

அவர் போனை எடுத்தார். "இல்லப்பா, வேன் வேணாம். சரியாயிடும்... யாரு பாத்தாங்களா? இங்க ஒரு பொண்ணு..."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரை கறுப்பாகவே இருந்தது.

"எங்க கடை டெக்னீசியன்பா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

உட்கார்ந்து சரிசெய்தேன். அவசரப்படவில்லை. என்ன மாற்றுகிறேன் என்பதை அவரும் பார்க்கட்டும் என்று திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அந்த அம்மாவின் மகள்தான் முதலில் பேசினாள். "அக்கா, பொட்டியத் தொறக்கறதும் சேத்து சொல்லித் தருவீங்களா?"

"அதெல்லாம் இங்க கெடையாதும்மா, டைப்பிங்கும் நெட்டும்தான்," என்றார் முதலாளி.

"உண்டு," என்றேன்.