உதடு அசையாத பிள்ளைகள்

சபையாரே, என் பாவத்தை முதலில் சொல்லாமல் இந்தச் சாட்சியை என்னால் சொல்ல முடியாது. ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பட்டினியில் சாகிற நிலைக்குக் கொண்டுபோனவள் நான். அவளைத் திருப்பிக் கொடுத்தவர் கர்த்தர். இரண்டும் ஒரே மழைக்காலத்தில் நடந்தன.

கொல்லம் ஆயிரத்து நூற்றாறாம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1931, மழை தொடங்குகிற இடவ மாதம். புதுக்கடைக்குத் தெற்கே ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணவர் காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் தாயாரும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தோம். அந்த வேலை போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

என் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மத்தியானம் மணி அடித்ததும் கஞ்சிப் பாத்திரத்தைத் திறப்பார்கள். ஏசுவடியாள் என்ற பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏசப்பா, இந்தக் கஞ்சிய ஆசீர்வதியும்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். பக்கத்தில் பீர்மா "பிஸ்மில்லா" சொல்லிவிட்டுத்தான் பாத்திரத்தில் கை வைப்பாள். பகவதி என்ற பிள்ளை சிலேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மண்டைக்காட்டு அம்மையைக் கூப்பிடுவாள். எதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை.

யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி எழுதிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, இது சர்க்கார் ஸ்கூலாக்கும். நீங்க பிள்ளையளுக்கு ஜெபம் படிப்பிச்சுக் குடுக்கியன்னு பெட்டிசன் போயிருக்கு. இன்ஸ்பெக்டரு எப்பம் வேணும்னாலும் வருவாரு."

"நான் படிப்பிக்கல்ல சாரே."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

ஜெபத்தை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். நிறுத்தியது நான்.

மனசுக்குள்ளே சொல்லிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் முதலில் நயமாகச் சொன்னேன். ஒரு நாள் கேட்டார்கள். மறுநாள் மறந்துபோனார்கள். அன்று மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கஞ்சி மணி அடித்தது. ஏசுவடியாள் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர்தான் என்று நினைத்தேன்.

"ஏட்டி, வாய மூடு, மிண்டாதே!" என்று சீறினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பாழடைந்த கிணறு ஒன்று உண்டு. பாசி மூடி, செடி முளைத்துக் கிடக்கும். அதைக் கைகாட்டி, குரலைத் தாழ்த்தி, என் வாயால் சொன்னேன்: "அந்தக் கெணத்துக்குள்ள ஒண்ணு கெடக்கு. ஜெபம் சொல்லுத ஒச்ச கேட்டா மேல ஏறி வரும். உங்க ஒச்சையப் பிடுங்கிட்டு உள்ள போயிரும். பின்ன ஒருக்கலும் திரும்பக் கிட்டாது. உதடு அசையப்பிடாது. கேட்டியளா?"

இருபத்திரண்டு பிள்ளைகளும் கிணற்றைப் பார்த்தார்கள். நான் வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. சாரலில் நனைந்த தரையில் ஒரு கால்தடம் கூட இல்லை.

மறுநாள் காலையில் ஆஜர் எடுத்தேன். ஏசுவடியாள் பெயரைக் கூப்பிட்டதும் அவள் கையைத் தூக்கினாள். வாய் திறக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் பீர்மாவும் பகவதியும் கையைத் தூக்கினார்கள். அதற்கடுத்த நாள் முன்வரிசை முழுவதும் கை தூக்கியது. ஒரு வாரத்தில் என் வகுப்பில் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். சிலேட்டுக் குச்சி கீறுகிற சத்தம் மட்டும் கேட்கும். இடைவேளையில் ஓடினார்கள், பிடித்து விளையாடினார்கள், ஒன்றும் கேட்காது. ஒரு பிள்ளை கல்லில் விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதது. கண்ணீர் விரல் வழியாக ஒழுகியது. சத்தம் வரவில்லை. ரோட்டில் போகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்ததும் நின்று பார்த்துவிட்டு, வேகமாக நடந்தார்கள்.

பிறகு முதலாம் வகுப்பும் அடங்கிப்போனது. அந்தப் பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பேசாத பிள்ளைகள் அவர்களுக்கு எப்படிச் சொன்னார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

வைத்தியர் வந்தார். மந்திரவாதி வந்து பிள்ளைகள் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். ஹெட்மாஸ்டர் வெளிறிப்போய் என்னிடம் சொன்னார்: "இருவது வருசம் சர்வீஸாச்சு டீச்சரே. இப்பிடி ஒரு ஸ்கூல நான் கண்டதில்ல." காரணம் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஒரு நாள் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிணற்றடிக்குப் போனேன். நானே உண்டாக்கிய பொய்தானே, இதில் என்ன பயம் என்று நினைத்தேன். குனிந்து "ஏய்" என்று கூப்பிட்டேன். கிணறு என்றால் எதிரொலி வரும். வரவில்லை. ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். அது விழுந்த சத்தமும் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு குளிர்ச்சி மட்டும் என் முகத்தில் வந்து அடித்தது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் முழங்கால் போட்டேன். "கர்த்தாவே" என்று ஆரம்பித்தேன். வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. என் தாயாரிடம் பேச முடிந்தது, பால்காரியிடம் பேச முடிந்தது. ஜெபத்துக்கு மட்டும் குரல் வரவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்று நாளும் அப்படியேதான்.

நாலாம் நாள் ஏசுவடியாளின் தகப்பன் வந்தார். தாசன் என்று பெயர், மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிற விளை வைத்திருந்தவர். மழையில் நனைந்தபடி முற்றத்திலேயே நின்றார்.

"டீச்சரே, பிள்ளை அஞ்சு நாளா வெறும் வெள்ளந்தான் குடிக்கா. கஞ்சிய முன்ன வச்சா கையக் கூப்புதா. வாயத் தொறக்க மாட்டேங்கா. அப்பிடியே தள்ளி வச்சிருதா."

"என்னத்துக்கு அண்ணே?"

"ஜெபம் சொல்லாம ஒரு வாய் தின்னப்பிடாதுன்னு அவளுக்க அம்மை சொல்லி வச்சிருக்கா. இவ்வளவு நாளும் அம்மை ஜெபம் சொன்னா தின்னா. இப்பம் அம்மைய ஜெபம் சொல்லவும் விடமாட்டேங்கா, தின்னவும் மாட்டேங்கா. ஆரும் சொல்லிக் கேக்கல்ல. உங்க மேல அவளுக்கு உசிராக்கும். ஒருக்கா வந்து ஜெபிச்சிற்றுப் போங்க டீச்சரே."

என்னிடம் வந்து ஜெபம் கேட்டார், சபையாரே. என்னிடம்!

நான் போனேன். பிள்ளை பாயில் கிடந்தாள். கை கால் குச்சியாகியிருந்தது. கண் மட்டும் பெரிதாகி, என் மேலேயே இருந்தது. அவள் தாயார் மூலையில் நின்று சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் முழங்கால் போட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்து, ஜெபிக்க வாயைத் திறந்தேன்.

அவள் படக்கென்று கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினாள்.

ஒரு துளி பலம் இல்லாத கை. ஆனாலும் அழுத்திப் பொத்தினாள். கண்ணால் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த ஜன்னலைக் காட்டினாள். தலையை ஆட்டினாள். அது வந்துவிடும், உங்கள் குரலைக் கொண்டுபோய்விடும் என்கிறாள். நான் சொன்ன பொய்யிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

அந்தக் கைக்கு உள்ளே, என் உதடு அசையாமல், நான் ஒரு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, நான் உம்மை வேலைக்காக மறுதலித்தேன். வேலையை எடுத்துக்கொள்ளும். மானத்தையும் எடுத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். அதுவரை அடைத்துக் கிடந்த இடம் உள்ளே திறந்தது.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். தகப்பன் தாழை ஓலைக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டரிடம் எல்லாப் பிள்ளைகளையும் கிணற்றடிக்குக் கூட்டிவரச் சொன்னேன். அவர் உடனே மணி அடித்தார். வழியில் எங்களைக் கண்ட சில தாய்மாரும் கூடவே வந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன்: "மக்களே, டீச்சர் பொய் சொன்னேன். கெணத்துல ஒண்ணும் இல்ல. இன்ஸ்பெக்டருக்குப் பயந்து நானாக்கும் அதை உண்டாக்கினது. உங்க ஒச்சையப் பிடுங்கினது நானாக்கும்." தாய்மார் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே கிணற்றுக்குள் குனிந்து, "கர்த்தாவே, என்னை மன்னியும்!" என்று கத்தினேன். குரல் வந்தது. மறுபடியும் கத்தினேன். மறுபடியும். எத்தனை தரம் என்று தெரியாது. இன்னும் குனிந்தேன். கைப்பிடிச் சுவரின் கல் ஒன்று என் கைக்குக் கீழே அசைந்தது.

"டீச்சரே, மதி, போரும். விழுந்திருவிய."

காதோரத்தில் ஒரு கரகரப்பு. யார் பேசினது என்று சுற்றிப் பார்த்தேன். பேசினது இடுப்பில் இருந்த ஏசுவடியாள்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தமாக அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு இன்பமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுப் பகவதி "அம்மே" என்று வீறிட்டாள். பிறகு பீர்மா. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. மழையின் இரைச்சலை அமுக்கிக்கொண்டு பள்ளிக்கூடமே அழுதது.

ஏசுவடியாளை வராந்தாவில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தோம். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. "ஏசப்பா" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. மீதியை அவள் தகப்பனும் நானும் சேர்ந்து சொன்னோம். தின்றாள்.

இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வந்தார். அவரிடமும் மறைக்கவில்லை. வீட்டில் படித்ததைப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் முறைப்படி மெதுவாகச் சொல்லிக்கொள்ளட்டும், டீச்சர் அதில் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளைப் பயமுறுத்திய குற்றத்துக்காக என்னை நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். நியாயமான தண்டனை. பீர்மாவின் தாயார் நான் ஊரைவிட்டுப் போகும்வரை என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

அன்று கிணற்றில் ஏன் எதிரொலி வரவில்லை, வராந்தாவில் நடந்தது யார் என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தெரியாது. ஒரு பொய்யை உண்டாக்கி இருட்டுக்குள் விட்டால் அதற்குள் என்ன வந்து குடியேறும் என்று நமக்குத் தெரியாது. அதனால் அந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் நான் எதைச் சொல்லியும் பயமுறுத்தியதில்லை. ஒரு பிள்ளை எந்தப் பெயரைச் சொல்லிக் கைகூப்பினாலும், அது சொல்லி முடிக்கும்வரை காத்து நிற்கிறேன்.

சபையாரே, ஜெபிக்க வாய் வராமல் உங்களில் யாராவது இன்று இங்கே உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகவே இதைச் சொன்னேன். சத்தம் வராவிட்டால் போகட்டும், உள்ளே சொல்லுங்கள். நான் செய்த ஜெபங்களில் சத்தமே இல்லாத அந்த ஒன்றைத்தான் அவர் உடனே கேட்டார். சொல்லி முடித்ததும் எழுந்திருங்கள். நீங்கள் யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்கள் வீட்டுக்கு நடங்கள். போகிற வழியில் அவர் உங்களுக்கு முன்னே போய் நிற்பார். எனக்கு முன்னே நின்றார். அவருக்கு ஸ்தோத்திரம்.