ஜமீனுக்கு ஒரு கை தூரம்

அவிநாசிக்கு மேற்கே, பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தியின் தோட்டத்தில் ஒருவருக்கு மட்டும் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் பெயர் ஜமீன். வயது ஐந்து. கறுத்த மேனி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கால் நான்கு.

காங்கேயம் காளையை இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் நமக்கு என்ன மரியாதை என்று மனம் நொந்துபோய் திருமூர்த்தி வாங்கிய மார்வாரிக் குதிரை அது. குதிரைக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று அன்புக்கரசியையும் அமர்த்தினார்.

அன்புக்கரசிக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய அம்மா காளியாத்தாள் இதே தோட்டத்தில் முப்பது வருடம் களை வெட்டியவர். களைக்கொத்தைத் தொட மாட்டேன் என்று பதினேழு வயதில் பஸ் ஏறிய மகள், கோயமுத்தூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைச் சாணம் அள்ளச் சேர்ந்தார். அள்ளிக்கொண்டே பார்த்தார். பார்த்தே கற்றார். பிற்பாடு அந்தப் பள்ளியில் புதிதாக வரும் முரட்டுக் குதிரை ஒவ்வொன்றும் முதலில் அவர் கைக்குத்தான் போனது.

குதிரைக்கு அவர் நடத்தும் முதல் பாடம் மிகவும் சிறியது. உனக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு கை தூரம். கூப்பிட்டால் வா, கூப்பிடாமல் வராதே. நெருங்கி வந்தால் கயிற்றை ஆட்டுவார். அப்போதும் வந்தால் மார்பில் குச்சியால் ஒரு தட்டு. ஒரு குளம்பு பின்னால் போன அந்த நொடியே கயிறு தளர்ந்துவிடும். அடி கிடையாது, திட்டு கிடையாது. ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: நாம் பின்வாங்கக் கூடாது. குதிரையின் சட்டத்தில், யார் கால் முதலில் நகருகிறதோ அவர் வேலைக்காரர், நகர்த்தியவர் முதலாளி.

ஒரு வாரத்தில் ஜமீன் பாடம் படித்துவிட்டது. படிக்காதவர்கள் திருமூர்த்தி குடும்பத்தார்.

நம் பக்கத்து மரியாதை உலகம் அறிந்தது. வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் இரண்டடி பின்னால் நகர்ந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டு வழிவிடுவோம். திருமூர்த்தியின் தாயார் சென்னியம்மாள் இந்த மரியாதையைக் குதிரைக்கும் குறைவில்லாமல் செய்தார். அது ஓரடி வந்தால் இவர் ஈரடி பின்னால் போய், "வாங்க கண்ணு" என்று உள்ளங்கையில் நாட்டுச்சர்க்கரையை நீட்டுவார். ஜமீன் இதைத் தன் சட்டப்படி புரிந்துகொண்டது: இந்தக் கிழவி என் வேலைக்காரி, கப்பம் கட்டுகிறாள். பத்து நாளில் கப்பம் கேட்டு முந்தானைக்குள் மூக்கை விட்டது. சென்னியம்மாள் பூரித்துப்போனார். "பாரு, எம்மேல எத்தனை பாசம்!"

"பாசமில்லீங்க பெரியம்மா, அதிகாரம்," என்றார் அன்புக்கரசி. "சக்கரையை வாளியில போடுங்க. கைல குடுக்காதீங்க. ஒதுங்காதீங்க."

"நீ எனக்குச் சொல்லிக்குடுக்கிறயா?"

இங்கே ஒரு விவரம். குதிரைக்கு உள்ளங்கையில் சர்க்கரை ஊட்டிய அதே கையால் சென்னியம்மாள், அன்புக்கரசிக்குக் காப்பியைக் காகிதக் கோப்பையில் ஊற்றி, காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். பேரன் சபரீஷ் இன்ஜினியரிங் படித்தவன். ஒருநாள் கேட்டான், ஏன் ஆத்தா கையில் கொடுத்தால் என்ன? "கொரோனாவுல இருந்து பழகிப்போச்சு சாமி." கொரோனா மற்ற ஊர்களுக்கு இரண்டாயிரத்து இருபதில் வந்தது. இந்தத் தோட்டத்துக்கு மட்டும் மூன்று தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது. காளியாத்தாளும் அந்தச் சுவரிலிருந்துதான் எடுத்துக் குடித்தார். கோப்பை மட்டும் அப்போது தேங்காய்ச் சிரட்டை.

சபரீஷுக்குத் தன் பெண்ணைத் தரப் பேச வந்த வரதராஜுலுவின் கால் பெருவிரலை ஜமீன் மிதித்தது வைகாசியில். அவரும் மரியாதைக்காரர், குதிரை வந்ததும் கும்பிட்டுப் பின்வாங்கினார். அது சட்டப்படி முன்னேறியது. நகம் பெயர்ந்துவிட்டது.

திருமூர்த்தி கத்தியது அன்புக்கரசியிடம்தான். "சம்மந்தி காலையே மெதிச்சுப்போட்டுது! நீ இத்தனை நாளா என்ன புடுங்கிட்டு இருந்தே?"

"குதிரை படிச்சிருச்சுங்க முதலாளி. உங்க ஊட்டு ஆளுங்கதான் இன்னும் பெயிலு."

"வாய் பேசாத. பத்து நாள்ல இங்க நிச்சயம். வாசல்ல குதிரை நிக்கோணும். ஒருத்தரை இடிச்சாலும் அன்னிக்கே நீ கணக்கை முடிச்சுட்டு கிளம்பிக்க."

மகள் இனியா அந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். கிளம்புகிற நிலையில் அன்புக்கரசி இல்லை. மறுநாள் காலையிலிருந்தே பாடத்தை மறுபடி தொடங்கினார்.

ஜமீன் அவரிடம் ஒழுங்காகவே நின்றது. டிரைவர் வந்தாலும் நின்றது, டிராக்டர் வந்தாலும் நின்றது. சென்னியம்மாள் சுவர்ப் பக்கம் காப்பியோடு வந்தால் மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே பாய்ந்தது. மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் அன்புக்கரசி குதிரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். முந்தின இரவு மழை. சேற்றில் சுவருக்கு எதிரே இரண்டு செருப்புத் தடங்கள் பின்னோக்கிப் போயிருந்தன. அன்புக்கரசியின் செருப்பேதான்.

அவர்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா வரும்போதெல்லாம், தனக்கே தெரியாமல், அம்மா ஒதுங்கியது போலவே இரண்டடி. இருபத்தைந்து வருடமாகக் குதிரைகளிடம் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத கால்கள்! கயிற்றைப் பிடித்திருப்பவள் பின்வாங்கினால் குதிரை என்ன செய்யும்? காலியான இடத்துக்கு வந்து நிற்கும்.

அன்புக்கரசிக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சென்னியம்மாள் மேல் வந்தது, சுவர் மேல் வந்தது, எல்லாவற்றையும்விடத் தன் கால்கள் மேல் வந்தது. "உன்னையச் சொல்லி என்னடா," என்று ஜமீனிடம் சொன்னார். "பாடம் எனக்குத்தான் வேணும்." அன்று காப்பி வந்தபோது குதிகாலைச் சேற்றில் ஊன்றி நின்றார். ஜமீன் காதைத் திருப்பி அவரைப் பார்த்தது. நகரவில்லை.

நிச்சயத்தன்று வாசலில் ஜமீன் சிலை மாதிரி நின்றது. ஒறம்பரை எல்லாம் செல்போனோடு வந்தது, படம் எடுத்தது, போனது. வரதராஜுலு கட்டுப்போட்ட விரலோடு அரை பர்லாங்கு சுற்றி உள்ளே போனார். அப்போதுதான் சென்னியம்மாள், சம்பந்தி வீட்டார் பார்க்கவென்று, பட்டுச்சேலையும் கை நிறைய நாட்டுச்சர்க்கரையுமாக வந்தார்.

"வாங்க கண்ணு..."

அன்புக்கரசி குறுக்கே நின்றார். ஒதுங்கவில்லை. கையை நீட்டினார். சரியாக ஒரு கை தூரம்.

"அங்கியே நில்லுங்க பெரியம்மா."

பெரியம்மா நின்றார். நின்றதோடு, எழுபது வருடத்தில் முதல்முறையாக வேலைக்காரி ஒருத்தி சொல்லி, ஓர் அடி பின்னால் வைத்தார். ஜமீன் அசையவில்லை. சம்பந்தி வீட்டுக் குழந்தைகள் கை தட்டினார்கள்.

மறுநாள் திருமூர்த்தி கணக்கை முடித்தார். குதிரை யாரையும் இடிக்கவில்லை என்பதை அவரும் மறுக்கவில்லை. "குதிரைக்குக் குத்தமில்ல. உனக்குத்தான் எடம் தெரியல," என்றார்.

"இத்தனை நாளாத் தெரிஞ்சுதுங்க முதலாளி. அதுதான் தப்பு."

இப்போது அன்புக்கரசி காரமடைப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் இருக்கிறார். ஆடியில் திருமூர்த்தியே போன் செய்தார். "ஏனுங்க அன்புக்கரசி, நல்லாயிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். அதுவரை கடன் வைத்திருந்த 'ங்க' எல்லாம் ஒரே போனில் வந்து இறங்கியது. குதிரையைப் பிடிக்க ஆளே இல்லை, வந்துவிட முடியுமா?

"வாரேனுங்க. காப்பியை மட்டும் பெரியம்மா எங்கைல குடுக்கோணும்."

"அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க."

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை முன்வாசலில் ஜமீன் பிடித்துக் கட்ட ஆளில்லாமல் நிற்கிறது. யார் வந்தாலும் நெஞ்சால் நெட்டித் தள்ளுகிறது. எனவே திருமூர்த்தி, சென்னியம்மாள், இன்ஜினியர் சபரீஷ், புது மருமகள் எல்லாரும் மாட்டுக்கொட்டாயைச் சுற்றிப் பின்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போய் வருகிறார்கள். காளியாத்தாள் முப்பது வருடம் வந்து நின்ற வாசல் அது. அதற்கு மேல் உள்ளே அவரை விட்டதில்லை.